மேட்டில் கிடைக்கும் அரை நிமிடம்

பேஸ்பாலில் ஒரு விதி இருக்கிறது. பந்தெறியும் பிட்சர் தடுமாறத் தொடங்கினால் பயிற்சியாளர் மைதானத்துக்குள் நடந்து சென்று அவரிடம் பேசலாம். ஆனால் ஒரே இன்னிங்ஸில் அதே பிட்சரிடம் இரண்டாவது முறை சென்றால் அவரை ஆட்டத்திலிருந்து எடுத்தே ஆக வேண்டும். பேசக் கிடைப்பதும் ஏறக்குறைய அரை நிமிடம்தான். அதற்குள் நடுவர், பிட்சர் நின்று எறியும் மண்மேட்டை நோக்கி நடக்க ஆரம்பித்துவிடுவார். ஆறு சீசன்கள் அந்த மேட்டின்மேல் நின்று, பயிற்சியாளர்கள் என்னை நோக்கி வருவதைப் பார்த்திருக்கிறேன். 2019 முதல் நடந்து போகிறவன் நான். நான் கற்ற தொழில் முழுவதும் அந்த அரை நிமிடத்துக்குள் இருக்கிறது: ஒரு வீரனிடம் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது.

நான் நியூஜெர்சியில் வளர்ந்தவன். பந்தெறிய முதலில் கற்றுத்தந்தவர் அப்பா. கல்லூரி நாட்களில் வேகப்பந்து வீசியவர். வீட்டுக்குப் பின்னால் இருந்த புல்தரையில் நின்று, "முழங்கையை மடக்காதே கண்ணா" என்று திரும்பத் திரும்பச் சொல்வார். சனிக்கிழமை சிறுவர்களுக்கான பேஸ்பால் லிட்டில் லீகுக்குப் போனால் அங்கிருந்த பயிற்சியாளர், "முழங்கையை மடக்கு, தோள் உயரத்துக்குக் கொண்டுவா" என்பார். இருவர் சொன்னதும் சரிதான். கிரிக்கெட்டில் ஓடிவந்த வேகம் நீட்டிய கையின் வழியாகப் பந்துக்குப் போகிறது. பேஸ்பாலில் ஓடிவர முடியாது. 10 அங்குல உயரமுள்ள மண்மேட்டில் ஒரு ரப்பர் பட்டையைக் காலால் தொட்டபடி நின்று, ஒரே ஓர் அடி எடுத்துவைத்து, 18.44 மீட்டர் தள்ளி, பேட்டர் நிற்கும் இடத்தில் உள்ள ஹோம் பிளேட்டுக்கு எறிய வேண்டும். மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்தால் பந்து 0.4 நொடியில் பேட்டரிடம் போய்விடும். காலில் பிறக்கும் வேகம் இடுப்பு, முதுகு, தோள், முழங்கை, விரல் நுனி என்று கைமாறிக்கொண்டே போகிறது. நடுவில் ஏதாவது ஒன்று பிந்தினால் அந்தப் பாரம் முழுவதும் முழங்கையில் வந்து இறங்கும்.

தொழில்முறை அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2012 டிராஃப்டில் 40 சுற்றுகள் இருந்தன. என் பெயரை 31ஆவது சுற்றில் அழைத்தார்கள். அம்மா அழுதார், அப்பா வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். முதல் ஆண்டுச் சம்பளம் மாதம் 1,100 டாலர். அதுவும் ஆட்டங்கள் நடக்கும் மாதங்களுக்கு மட்டும். இரண்டு படுக்கையறை வீட்டில் ஐந்து பேர் காற்றடைத்த மெத்தைகளில் படுத்தோம். இரவு ஆட்டம் முடிந்து பஸ்ஸில் ஏறினால் விடியும்போது வேறு ஊர். இப்போது நிலைமை மாறியிருக்கிறது. உச்ச மட்டமான மேஜர் லீகுக்குக் கீழே உள்ளவை மைனர் லீகுகள்; 2022 முதல் பெரும்பாலான மைனர் லீக் வீரர்களுக்கு அணிகளே வீடு தர வேண்டும். 2023இல் வீரர்கள் சங்கத்தின் முதல் ஒப்பந்தம் வந்தபோது, மேஜர் லீகுக்கு இரண்டு படி கீழான டபுள்-ஏ மட்டத்தில் ஆண்டுக் குறைந்தபட்சச் சம்பளம் 30,250 டாலர் ஆயிற்று. பசியோடு விளையாடினால்தான் உறுதி வரும் என்று சொல்கிறவர்களை நான் சந்தித்திருக்கிறேன். பசியோடு இருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: அது பொய். பசியோடு எறிந்தவனுக்கு ஏழாவது இன்னிங்ஸில் கால் தளரும். கால் தளர்ந்தால் முழங்கை கெடும்.

நான் இடதுகைக்காரன். ஃபாஸ்ட்பால் மணிக்கு 90 மைலைத் தொட்டால் அது நல்ல நாள். எனக்குச் சோறு போட்டது சேஞ்சப். ஃபாஸ்ட்பாலைப் போலவே கை வரும், பந்து மட்டும் மெதுவாக வரும். பேட்டர் முன்கூட்டியே மட்டையைச் சுழற்றிவிடுவார். அந்த ஒரு பந்தை வைத்துக்கொண்டே தொடக்க மட்டமான ரூக்கி லீகிலிருந்து டபுள்-ஏ வரை ஏறினேன். 2015 ஜூன் மாதம் ஓர் இரவு, முழங்கையின் உட்புறத்தில் ஈரத்துணி கிழிவதுபோல ஓர் உணர்வு வந்தது. சத்தம் இல்லை. விரல்களில் மட்டும் மரத்துப்போன கூச்சம்.

முழங்கைத் தசைநார் கிழிந்திருந்தது. அதற்கான அறுவை சிகிச்சைக்கு ஒரு பிட்சரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். 1974 செப்டம்பரில் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற இடதுகைப் பிட்சரின் வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து இடது முழங்கையில் பொருத்தினார். அதற்கு முன் இந்தக் காயம் வந்தால் பிட்சரின் தொழில் முடிந்தது என்று பொருள். டாமி ஜான் 1976இல் திரும்பி வந்தார். தம் 288 வெற்றிகளில் 164ஐ அதன் பிறகுதான் பெற்றார். மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி அந்த 164 என்ற எண்ணை ஜபம்போல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுபடி பந்தெறிய மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 14 மீட்டர் தூரத்துக்கு, மெதுவாக, 25 முறை எறிவதில் தொடங்குகிறது. மீதி நேரம் வெறும் நேரம். அந்த வெறும் நேரத்தில் எங்கள் பிட்சிங் பயிற்சியாளர் ஒரு நோட்டுப்புத்தகத்தைக் கொடுத்து டக்அவுட்டில் தம் பக்கத்தில் உட்காரச் சொன்னார். ஒவ்வொரு பந்தையும் குறிக்க வேண்டும்: என்ன பந்து, எங்கே போனது, பேட்டரின் கால் எப்படி நகர்ந்தது. முதல் வாரம் சலிப்பாக இருந்தது. மூன்றாவது வாரம், எங்கள் பிட்சர் ஒருவன் வளைந்து இறங்கும் கர்வ்பால் எறியப் போகும்போதெல்லாம் கையுறையை ஒரு விரற்கடை அகலமாகத் திறக்கிறான் என்பதைக் கண்டுபிடித்தேன். அதை அவனிடம் சொன்ன இரவு, நானே வென்றதுபோல் தூக்கம் வரவில்லை. காயத்தால் கரையில் உட்கார்ந்திருக்கும் வீரர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: ஒரு நோட்டு வாங்கு, பயிற்சியாளருக்குப் பக்கத்தில் போய் உட்கார். விளையாட்டு முடிந்த பிறகு பயிற்சியாளராகலாம் என்று காத்திருக்காதே. உடம்பு ஓய்ந்திருக்கும்போதே கண்ணைப் பழக்கு.

திரும்பி வந்தேன். ஃபாஸ்ட்பால் வந்தது, சேஞ்சப்பும் வந்தது. ஆனால் எனக்குப் பின்னால் வந்தவர்களின் வேகம் வேறாக இருந்தது. 2018 மார்ச், சீசனுக்கு முந்தைய ஸ்பிரிங் டிரெயினிங் முகாம். காலை ஆறரைக்கு லாக்கர் அறையின் கதவருகே ஒரு ஆள் நின்றிருந்தார். அந்த நேரத்தில் அவர் அங்கே நின்றால் எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். ஷூவின் நாடாவைக் கட்டுவதுபோல் எல்லோரும் குனிந்துகொள்வார்கள். அவர் என் தோளைத் தொட்டார். உள்ளே நான்கு நிமிடம். "நீ நல்ல பையன், எல்லாவற்றுக்கும் நன்றி" என்றார்கள். அணியிலிருந்து விடுவிக்கும் தாளில் ஒரு கையெழுத்து. ஆறு சீசன்கள் எறிந்தேனே, என் பந்தைப் பற்றி ஒரு வாக்கியம் யாராவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். சொல்லவில்லை. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். அன்று காலை இன்னும் பதினொரு பேரை அழைக்க வேண்டியிருந்தது. ஆனாலும் அந்த ஒரு வாக்கியம் இல்லாத குறை ஒரு வருடம் என்னோடு வந்தது.

அந்த வருடத்தைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை. தினமும் மாலை நான்கு மணிக்குத் தோள் தானாகச் சூடாகும். பந்தெறிய நேரம் வந்துவிட்டது என்று உடம்பு சொல்லும். மனம் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். இப்படி ஒரு காலம் வரும் என்று வீரர்களிடம் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.

2019இல் வேறோர் அணி அரிசோனாவில் உள்ள அதன் பயிற்சி வளாகத்தில், தொடக்க மட்டத்து இளைஞர்களுக்குப் பயிற்சியாளராக எடுத்துக்கொண்டது. டக்அவுட்டில் எழுதிய நோட்டுப்புத்தகங்கள்தான் என் சான்றிதழ். இந்த வேலைக்கு வர விரும்புகிறவர்கள், அமெரிக்கன் பேஸ்பால் கோச்சஸ் அசோசியேஷன் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் நடத்தும் மாநாட்டுக்கு ஒருமுறையாவது போக வேண்டும். கல்லூரி, பள்ளி, தொழில்முறை அணி என்று எல்லா மட்டத்துப் பயிற்சியாளர்களும் ஒரே கூடத்தில் இருப்பார்கள்; கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள். ஸ்பானிஷ் மொழியையும் படித்துவிடுங்கள். டொமினிகன் குடியரசிலிருந்தும் வெனிசுவேலாவிலிருந்தும் பதினேழு, பதினெட்டு வயதில் வரும் பையன்களோடு மொழிபெயர்ப்பாளர் மூலம் பேசினால், சொல் போய்ச் சேரும். குரல் போய்ச் சேராது.

முதல் கோடையிலேயே நான் ஒரு தவறு செய்தேன். ஒரு பையனுக்கு என் சேஞ்சப்பைக் கற்றுத்தர முயன்றேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பந்தின் ஓரத்தில் வளையம்போல் சேர, மற்ற மூன்று விரல்கள் மேலே படியும் பிடி அது. என்னைக் காப்பாற்றிய பந்து ஆயிற்றே. அவனையும் காப்பாற்றும் என்று நம்பினேன். மூன்று வாரம் தினமும் முயன்றான். பந்து தலைக்கு மேலே போயிற்று, அல்லது தரையில் குத்தியது. மோசமானது என்னவென்றால், அதைச் சரிக்கட்டப் போய் அவன் ஃபாஸ்ட்பாலுக்கும் கையைத் தாழ்த்தத் தொடங்கினான். என்னைவிட இருபது வயது மூத்த பயிற்சியாளர் ஒருவர் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "அவன் கையைப் பார்த்தாயா?"

அவனை அழைத்து, உள்ளங்கையோடு உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். என் விரல்களின் கடைசிக் கணுவிலேயே அவன் விரல்கள் முடிந்துவிட்டன. நான் காட்டிய பிடியில் அவனுக்குப் பந்து நழுவாமல் இருந்தால்தான் அதிசயம். வெட்கமாக இருந்தது. அன்று பந்தை அவன் கையில் கொடுத்து, "ஃபாஸ்ட்பால் போலவே எறி, ஆனால் மெதுவாகப் போக வேண்டும். எப்படிப் பிடிப்பாய் என்பதை நீயே பார்" என்றேன். பிட்சர்கள் எறிந்து பழகும் புல்பென்னில் கால்மணி நேரம் பந்தை உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையே பந்தைச் செருகிக்கொண்டு எறிந்தான். நான்காவது பந்து கேட்சரின் முழங்காலுக்கு முன்னால் செத்து விழுந்தது. கேட்சர் முகமூடியைத் தூக்கிவிட்டு எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

நம் உடம்பு செய்ததை நாம் கற்பிக்க முடியாது. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய வீரர்களுக்கு அதிகக் காலம் ஆகிறது என்பது என் எண்ணம், ஏனென்றால் அவர்களுக்கு வராதது குறைவு. பேட்டிங் பயிற்சியாளர் சார்லி லாவ் மேஜர் லீகில் .255 பேட்டிங் சராசரிக்காரர்தான் (நூறு முறைக்கு ஏறக்குறைய இருபத்தைந்து ஹிட்), அவரிடம் பயின்ற ஜார்ஜ் பிரெட் 1980இல் .390 அடித்தார். மேடக்ஸ், கிளாவின், ஸ்மோல்ட்ஸ் என்ற பெரும் பிட்சர்கள் மூவரையும் அட்லாண்டா பிரேவ்ஸ் அணியில் பயிற்சியாளராக வழிநடத்திய லியோ மாஸோனி மேஜர் லீகில் ஒரு பந்துகூட எறிந்ததில்லை. ஜிம் லேலண்ட் வீரராக டபுள்-ஏக்கு மேல் போகவில்லை. 1997இல் மார்லின்ஸ் அணியை மேஜர் லீகின் இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸ் வெல்ல வைத்தார். டபுள்-ஏவில் நின்றுபோன எனக்கு இந்தப் பெயர்கள் எவ்வளவு ஆறுதல் என்று சொல்லத் தேவையில்லை.

தமிழ் வாசகர்களுக்கு நான் சொல்ல விரும்பும் பயிற்சியாளர் டாம் ஹவுஸ். 1974 ஏப்ரல் 8 அன்று ஹாங்க் ஆரன் பேப் ரூத்தின் சாதனையை முறியடித்து 715ஆவது ஹோம் ரன் அடித்தபோது, புல்பென்னில் நின்று அந்தப் பந்தைப் பிடித்தவர் அவர். பிறகு பயிற்சியாளரானார். இந்தியாவில் நடந்த ஒரு பந்தெறிப் போட்டியில் தேர்வாகி 2008இல் அமெரிக்கா வந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரையும் அவரிடம்தான் ஒப்படைத்தார்கள். இருவரும் ஈட்டி எறிந்தவர்கள். பேஸ்பால் அவர்களுக்குப் புதிது, ஆங்கிலமும் பழக்கமில்லை. அதே ஆண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. ஹவுஸ் தம் பிட்சர்களை அமெரிக்கக் கால்பந்தை எறியச் சொல்வார். டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணியில் நோலன் ரயனும் அப்படி எறிந்தார். அந்தக் கூர்முனைப் பந்தைச் சரியாக எறிந்தால் சுழன்றபடி நேராகப் போகும். தோள் தப்பினால் தள்ளாடும். பயிற்சியாளர் வாய் திறக்க வேண்டியதில்லை, பந்தே சொல்லிவிடும். நானும் இதை அடிக்கடி செய்கிறேன். புதிதாக வந்த பையனுக்கு என் பேச்சைவிடத் தள்ளாடும் பந்து சீக்கிரம் புரிகிறது.

2020இல் கொரோனாவால் மைனர் லீக் சீசன் முழுவதும் ரத்தானது. பையன்கள் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். ஒருவன் சுவரில் சாய்த்த மெத்தைமேல் பந்தெறிந்து அதை அவன் தம்பி போனில் படமெடுப்பான், எனக்கு வரும். முதல் மாதம் ஒவ்வொரு வீடியோவுக்கும் பத்து வரி பதில் எழுதினேன்: இடுப்பு முந்துகிறது, முன்தோள் சீக்கிரம் திறக்கிறது, தலை சாய்கிறது. அடுத்த வீடியோவில் அவன் மரப்பொம்மைபோல் எறிந்திருப்பான். பத்தையும் ஒரே நேரத்தில் செய்யப் பார்த்திருக்கிறான், பாவம். ஒருநாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரே வரி அனுப்பினேன்: "உன் தம்பிக்கு முதுகில் உள்ள எண்ணைக் காட்டிவிட்டு எறி." மறுநாள் வந்த வீடியோவில் தோள் திறக்கவில்லை, தலை சாயவில்லை. முன்தோள் என்ற சொல்லையே நான் சொல்லவில்லை. உடலின் உறுப்பைவிட வெளியே உள்ள ஒன்றின்மேல் கவனத்தை வைத்தால் அசைவு நன்றாக வரும் என்று காப்ரியேல வுல்ஃப் என்ற ஆராய்ச்சியாளர் பல சோதனைகளில் காட்டியிருப்பதைப் பிறகு படித்தேன். படித்தபோது அந்த மெத்தையும் தம்பியும்தான் கண்முன் வந்தார்கள்.

கருவிகளுக்கும் இதுவே பொருந்தும். பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் அளக்கும் ராப்சோடோவும் டிராக்மேனும் ஒரு பந்துக்கு இருபது எண் தருகின்றன. நான் எல்லாவற்றையும் படிப்பேன். பையனுக்கு ஒன்றைத்தான் சொல்வேன்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். சிறுவர்கள் எத்தனை பந்து எறியலாம் என்று சொல்லும் பிட்ச் ஸ்மார்ட் என்ற வழிகாட்டுதலை 2014இல் மேஜர் லீகும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து வெளியிட்டன. 9, 10 வயதுக்கு ஒரு நாளில் 75 பந்துகளுக்கு மேல் கூடாது; 11, 12 வயதுக்கு 85; 13 முதல் 16 வரை 95. 14 வயது வரை ஒரு நாளில் 66 பந்து எறிந்தால், 15, 16 வயதில் 76 பந்து எறிந்தால், அதற்குப் பிறகு நான்கு நாள் ஓய்வு. ஆண்டில் நான்கு மாதமாவது பந்தெறியக் கூடாது. பிட்சராக எறிந்த அதே ஆட்டத்தில் கேட்சராக உட்காரக் கூடாது. பள்ளி அணி, கிளப் அணி, வார இறுதிப் போட்டி என்று மூன்று இடங்களில் எறியும் பையனின் கணக்கை எந்தப் பயிற்சியாளரும் முழுமையாக அறிய மாட்டார். நீங்கள்தான் எழுதி வைக்க வேண்டும். பதினான்கு வயதில் முழங்கையில் தழும்போடு வந்து, "இதற்குப் பிறகு வேகம் கூடுமாமே?" என்று கேட்ட ஒரு சிறுவனை நான் பார்த்திருக்கிறேன். அவன் அப்பா பக்கத்தில் நின்று தலையாட்டினார். அந்த அறுவை சிகிச்சை வேகத்தைக் கூட்டுவதற்கானது இல்லை. கிழிந்ததைக் கட்டுவதற்கானது. அதற்குமேல் அவர்களிடம் என்னால் பேச முடியவில்லை, தொண்டை அடைத்துக்கொண்டது.

மேட்டுக்கு வருகிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் ஓர் ஆகஸ்ட் இரவு. எங்கள் பிட்சர் தொடர்ந்து இரண்டு பேருக்கு நான்கு 'பால்' (குறி தவறிய பந்து) எறிந்து முதல் பேஸை இனாமாகக் கொடுத்துவிட்டான், மூன்று பேஸ்களிலும் ஆட்கள். முகம் வெளுத்திருந்தது. டக்அவுட்டில் எல்லோரும் அவன் கையைப் பார்த்தார்கள். நான் காலைப் பார்த்தேன். எதிரணிப் பிட்சர் காலூன்றி ஊன்றித் தோண்டிய குழியின் விளிம்பில் அவன் முன்கால் இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் கணுக்கால் அரை அங்குலம் பிசகியது. நடந்து போனேன். தைரியம் சொல்லவில்லை, இயக்கத்தைப் பற்றிப் பேசவில்லை. என் ஷூவால் மண்ணைத் தள்ளிக் குழியை நிரப்பி மிதித்தேன். "இப்போது ஊன்றிப் பார்" என்றேன். ஊன்றினான். இரண்டு முறை ஊன்றினான். அவன் மூச்சு இறங்குவது எனக்குக் கேட்டது. நடுவர் வருவதற்கு முன்பே திரும்பிவிட்டேன். அடுத்த பந்தும் பால்தான். அதற்கடுத்ததைப் பேட்டர் தரையோடு இரண்டாவது பேஸ் பக்கம் அடித்தார். டபுள் பிளே: ஒரே அடியில் இருவர் அவுட், ஒரு ரன் போயிற்று. அடுத்தவர் ஸ்ட்ரைக் அவுட்.

சென்ற மார்ச் மாதம் காலை ஆறரைக்கு லாக்கர் அறையின் கதவருகே நான் நின்றேன். நான் தொட வேண்டிய தோள், 2019இல் என் உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்த பையனுடையது. டபுள்-ஏக்கு ஒரு படி கீழான ஹை-ஏ வரை வந்துவிட்டான். அதற்குமேல் இடமில்லை என்று முடிவாகியிருந்தது. முந்தைய இரவு பழைய நோட்டுகளை எடுத்து அவனுடைய பக்கங்களையெல்லாம் படித்தேன். அறைக்குள் மற்றவர்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்ததும், ஸ்பானிஷில் அவனிடம் சொன்னேன்: "சென்ற சீசனில் இடதுகை பேட்டர்களுக்கு நீ 61 சேஞ்சப் எறிந்தாய். ஒன்றைக்கூட யாரும் ஹோம் ரன் அடிக்கவில்லை. அந்தப் பிடியை நான் உனக்குக் கற்றுத்தரவில்லை, நீயே கண்டுபிடித்தாய். அதற்குப் பிறகு சிறிய கையுள்ள நான்கு பேருக்கு அதைக் காட்டியிருக்கிறேன்."

அவன் பேசவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு அவனோடு வாசல் வரை போனேன். விமான நிலையத்துக்குப் போகும் வேன் வரப் பத்து நிமிடம் ஆகும் என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த நான்கு பேரில் யாருக்கு நன்றாக வருகிறது, கோச்?" என்று கேட்டான். ஒரு பெயரைச் சொன்னேன். "அவன் கட்டைவிரலைக் கொஞ்சம் கீழே இறக்கச் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து ஒரு பந்தை எடுத்து எப்படி என்று காட்டினான். நான் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன்.